காலரா கிருமியோட விஷ ஸ்விட்ச்சை ஒரே பேப்பர்ல வரைஞ்சு புரிஞ்சுக்கறது எப்படி

எம்எஸ்சி மைக்ரோபயாலஜி, பயோடெக் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக இதை எழுதுறேன். காலரா கிருமியான விப்ரியோ காலரே பத்தி டெக்ஸ்ட்புக்ல ஒரு படம் வரும், பத்து பதினஞ்சு அம்புக்குறி, டாக்ஸ்ஆர் டாக்ஸ்டி டிசிபிபி ஹாப்ஆர்னு கட்டம் கட்டமா பேரு (எல்லாம் மத்த ஜீன்களை ஆன் ஆஃப் பண்ற ப்ரோட்டீன்கள்), அதைப் பார்த்த உடனே எல்லாரும் பண்றது என்னன்னா அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு எக்ஸாம்ல வரைஞ்சிட்டு மறந்துடறது. நானும் அதைத்தான் பண்ணேன். முதல் வருஷம் செமினார்ல படத்தை போர்டுல அச்சு மாறாம வரைஞ்சேன், பின்னாடி பெஞ்ச்ல இருந்து ஒரு சீனியர் அக்கா எழுந்து "டாக்ஸ்ஆர் செல்லுக்குள்ள எங்க உக்காந்திருக்கு?"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல. ஒரே ஒரு கேள்விதான், ஆனா அதுக்கு பதில் தெரியலன்னா அந்தப் படத்துல இருக்கிற எந்த அம்புமே புரியலன்னு அர்த்தம். அன்னிக்கு ரூமுக்கு வந்து மாசக் காலண்டர் ஷீட் ஒண்ணைக் கிழிச்சு அது பின்பக்கத்துல முதல்ல இருந்து வரைய ஆரம்பிச்சேன், அந்த முறையைத்தான் இங்க சொல்றேன்.

தேவையானது ஒரு பெரிய பேப்பர், சிவப்பு நீலம் கறுப்புன்னு மூணு பேனா, அவ்வளவுதான். ஃபோன்ல ஆப்ல வரையாதீங்க, கையில வரைஞ்சாதான் எந்த இடத்துல கை தயங்குதுன்னு தெரியும், தயங்குற இடம்தான் நமக்குப் புரியாத இடம்.

முதல் விஷயம், மேல இருந்து ஆரம்பிக்காதீங்க. எல்லா புத்தகமும் மேல சிக்னல்னு போட்டு கீழ இறங்கி வரும். நீங்க பேப்பரோட அடியில கறுப்புல "வயித்தால போறது"ன்னு எழுதுங்க, அங்க இருந்து மேல ஏறுங்க. ஏன்னா நோய் என்னன்னு தெரிஞ்சாதான் அதுக்கு எந்த ஜீன் வேணும்னு கேக்க முடியும், அந்த ஜீனை யாரு ஆன் பண்றாங்கன்னு அதுக்கப்புறம்தான் கேக்க முடியும். கடுமையான காலராவுல ஒரு பெரிய ஆளுக்கு மணிக்கு 1 லிட்டர் வரைக்கும் தண்ணி வெளிய போகும், அரிசி கழுவின தண்ணி மாதிரி. கிருமி குடலைக் கிழிச்சு உள்ள நுழையறதில்ல, சிறுகுடல் சுவர்ல ஒட்டிக்கிட்டு ஒரு டாக்ஸினை வெளிய விடுது, வேலை முழுக்க அந்த டாக்ஸினோடது. இதை 1959-ல கல்கத்தாவுல நிரூபிச்சவர் சம்பு நாத் டே, முயலோட குடல்ல ஒரு துண்டைக் கட்டி, அதுக்குள்ள கிருமியே இல்லாத, வடிகட்டின திரவத்தை மட்டும் விட்டார், அதுக்கே குடல் தண்ணி ரொம்பி உப்பிடுச்சு. இவ்ளோ பெரிய விஷயத்தைப் பண்ண மனுஷனைப் பத்தி நம்ம சிலபஸ்ல ஒரு வரி கூட வராதது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அந்த டாக்ஸின்ல ஒரு ஏ துண்டு, அஞ்சு பி துண்டு. அஞ்சு பியும் வளையமா சேர்ந்து குடல் செல் மேல இருக்கிற ஜிஎம்1-ங்கிற கொழுப்பைப் பிடிச்சுக்கும், ஏ உள்ள போய் ஜி ப்ரோட்டீன்ங்கிற சிக்னல் ஸ்விட்ச்சை ஆஃப் ஆகவே முடியாம பூட்டிடும், சைக்ளிக் ஏஎம்பி-ங்கிற சிக்னல் கெமிக்கல் ஏறும், குளோரைட் கதவு திறந்துக்கும், உப்பு போற வழியில தண்ணியும் போயிடும். "வயித்தால போறது"க்கு மேல டாக்ஸின்னு ஒரு கட்டம் போட்டாச்சு. பக்கத்துல இன்னொரு கட்டம் பைலஸ்னு போடுங்க, டிசிபின்னு சொல்லுவாங்க, மயிர் மாதிரி இழை, சிறுகுடல்ல கிருமிங்க கூட்டமா ஒட்டி நிக்கறதுக்கு அது வேணும். டாக்ஸின் இருந்தும் ஒட்ட முடியலன்னா பிரயோஜனம் இல்ல, ஒட்டியும் டாக்ஸின் இல்லன்னா இந்த அளவு பேதி இல்ல. ரெண்டும் ஒரே நேரத்துல வேணும், அதனாலதான் ரெண்டுக்கும் ஒரே ஸ்விட்ச்.

அடுத்தது கலர் பேனா வேலை, இதை யாரும் சொல்லித் தர மாட்டேங்கறாங்க. ஒவ்வொரு ஜீனுக்கும் அட்ரஸ் கேளுங்க. கிருமியோட சொந்த ஜீனா, வெளிய இருந்து வந்து சேர்ந்ததா? சொந்தம்னா நீலம், வந்ததுன்னா சிவப்பு. டாக்ஸின் ஜீன் சிவப்பு, ஏன்னா அது பாக்டீரியாவோடதே இல்ல, சிடிஎக்ஸ் ஃபேஜ்ங்கிற ஒரு வைரஸ் தூக்கிட்டு வந்து ஜீனோம்ல சொருகினது, 1996-ல வால்டரும் மெக்கலானோஸும் கண்டுபிடிச்சாங்க. இன்னும் ஆச்சரியம் என்னன்னா அந்த ஃபேஜ் உள்ள வர்றதுக்குப் பிடிச்சுக்கற கைப்பிடியே இந்த டிசிபி பைலஸ்தான். பைலஸ் ஜீனும் சிவப்பு, அது விபிஐ-ங்கிற நோய்த்தீவுல (நோய்க்கான ஜீன்கள் கூட்டமா இருக்கிற டிஎன்ஏ துண்டு) இருக்கு, அதுவும் வெளிய இருந்து வந்து சேர்ந்த துண்டுதான். அப்போ முதல்ல பைலஸ் வந்திருக்கணும், அதைப் பிடிச்சு டாக்ஸின் வந்திருக்கணும், இந்த வரிசை உங்க பேப்பர்லயே தெரியும். காலரா கிருமிக்கு ரெண்டு குரோமோசோம், 2000-ல என்16961-ங்கிற எல் டார் (காலரா கிருமியில ஒரு வகை) ஸ்ட்ரெயினோட ஜீனோம் முழுசா வெளியாச்சு, அதுல இந்த ரெண்டு சிவப்பு துண்டும் பெரிய குரோமோசோம்லதான் இருக்கு.

இப்ப மேல ஏறலாம். டாக்ஸின், பைலஸ் ரெண்டுக்கும் மேல டாக்ஸ்டி-ன்னு ஒரு கட்டம், அங்க இருந்து ரெண்டுக்கும் அம்பு. டாக்ஸ்டியோட ஜீன் அந்த விபிஐ தீவுக்குள்ளயேதான் இருக்கு, அதனால சிவப்பு. டாக்ஸ்டிக்கு மேல ரெண்டு கட்டம் பக்கத்துல பக்கத்துல, டாக்ஸ்ஆர் அதோட துணை டாக்ஸ்எஸ், டிசிபிபி அதோட துணை டிசிபிஹெச். டிசிபிபி-யும் டிசிபிஹெச்-சும் தீவுல இருந்து வந்தது, சிவப்பு. டாக்ஸ்ஆர் நீலம், சொந்த ஜீன், காலராவே உண்டாக்காத மத்த விப்ரியோக்கள்லயும் இருக்கு. டிசிபிபி-யை ஆன் பண்றது ஆஃப்ஏ, ஆஃப்பி-ங்கிற ரெண்டு ப்ரோட்டீன் (AphA, AphB, ஆன்-ஆஃப்ல வர்ற ஆஃப் இல்ல), ரெண்டும் நீலம். வரைஞ்சிட்டு பேப்பரைக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க, அடியில சிவப்பு, உச்சியில நீலம், நடுவுல கலந்து இருக்கும். அதாவது வீடு பழசு, வீட்டுக்காரர் பழசு, குடி வந்தவங்க புதுசு, ஆனா குடி வந்த போர்ஷனோட மெயின் ஸ்விட்ச் வீட்டுக்காரர் கையில இருக்கு. ஜீனை மட்டும் வாங்கிட்டு வந்தா நோய் வந்துடாது, அதை எப்போ எங்க போடணும்னு தெரிஞ்ச பழைய ஸ்விட்ச்சோட வயரிங் சேரணும். இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா மத்ததெல்லாம் அதுல இருந்தே வரும்.

இப்ப அந்த அக்கா கேட்ட கேள்வி. டாக்ஸ்ஆர் எங்க உக்காந்திருக்கு? உள் சவ்வுல. பேப்பர்ல குறுக்கால ரெண்டு கோடு போட்டு அதுதான் உள் சவ்வுன்னு எழுதுங்க, டாக்ஸ்ஆரை அந்தக் கோட்டுக்கு குறுக்கால வரைங்க, ஒரு முனை வெளிய பெரிப்ளாசம்ல (உள் சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் நடுவுல இருக்கிற இடம்), இன்னொரு முனை உள்ள சைட்டோப்ளாசம்ல, அந்த உள் முனைதான் டிஎன்ஏ-வைப் பிடிக்குது. டிசிபிபி-யும் அதே மாதிரிதான். பொதுவா பாக்டீரியாவுல வெளி நிலவரத்தைப் பார்க்கிறது ஒருத்தர், டிஎன்ஏ கிட்ட போய் சொல்றது இன்னொருத்தர், நடுவுல பாஸ்பேட் கை மாறும், டூ-காம்பொனென்ட் சிஸ்டம்னு படிச்சிருப்பீங்க. இங்க ஒரே ஆளு சவ்வுல மாட்டிக்கிட்டே வெளியவும் காது கொடுக்குது, உள்ளயும் டிஎன்ஏ-வைப் பிடிக்குது. 1987-ல மில்லர், டெய்லர், மெக்கலானோஸ் இதைக் காட்டினப்போ அது சாதாரண விஷயமா இல்ல, ஏன்னா சவ்வுல ஆணி அடிச்ச மாதிரி நிக்கிற ப்ரோட்டீன் டிஎன்ஏ-வைப் பிடிக்கணும்னா டிஎன்ஏ அது பக்கத்துல வரணும். இந்த இடத்துல கொஞ்ச நேரம் நிதானமா யோசிங்க, சும்மா கட்டமா போட்டுட்டு தாண்டிப் போயிடாதீங்க.

அம்பு போடுறப்போ ஒரு ரூல் வெச்சுக்கோங்க, நேரா பிடிச்சு ஆன் பண்ணா முழுக் கோடு, நடுவுல யாராவது இருந்தா புள்ளிக் கோடு. இது ஏன் முக்கியம்னு சொல்றேன். 1984-ல டாக்ஸ்ஆரைக் கண்டுபிடிச்சப்போ எப்படிப் பண்ணாங்கன்னா, டாக்ஸின் ஜீனோட ப்ரோமோட்டரை, அதாவது ஜீனை ஆன் பண்ற டிஎன்ஏ பகுதியை, ஈ கோலைக்குள்ள வெச்சு காலரா கிருமியோட எந்த ஜீன் அதைத் தூண்டுதுன்னு தேடினாங்க, டாக்ஸ்ஆர் கிடைச்சுது. ஈ கோலைக்குள்ள டாக்ஸ்ஆர் மட்டும் இருந்தாலே டாக்ஸின் ப்ரோமோட்டர் ஆன் ஆச்சு. அப்போ டாக்ஸ்ஆர்ல இருந்து டாக்ஸினுக்கு முழுக் கோடுதானேன்னு தோணும். ஆனா 1991-ல டிரீட்டாவும் மெக்கலானோஸ் லேப்காரங்களும் டாக்ஸ்டி-யைக் காட்டினதுக்கு அப்புறம் கதையே மாறிடுச்சு, காலரா கிருமிக்குள்ள வேலை டாக்ஸ்ஆர், டாக்ஸ்டி, டாக்ஸின்னு படிப்படியாத்தான் நடக்குது. ஈ கோலையில நடக்க முடிஞ்சது காலரா கிருமியில நடக்கிறதுன்னு ஆகிடாது. பேப்பர் படிக்கிறப்போ "இந்த எக்ஸ்பரிமென்ட் யாரோட உடம்புக்குள்ள பண்ணாங்க"ன்னு மெத்தட்ஸ் பகுதியைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இதுல இருந்துதான் வந்துச்சு.

ம்யூட்டன்ட் (ஒரு ஜீன் கெட்ட கிருமி) ரிசல்ட்டை எப்படிப் படிக்கணும்னு ஒரு உதாரணம் பார்ப்போம், இதை நிதானமா ஃபாலோ பண்ணுங்க. டாக்ஸ்ஆர் இல்லாத ஸ்ட்ரெயின்ல டாக்ஸின் இல்ல, பைலஸ் இல்ல, வெளிச்சவ்வுல ஓம்ப்யூ-ங்கிற போரினும் (ஓட்டை மாதிரி வழி விடற ப்ரோட்டீன்) இல்ல. இதுல இருந்து மூணுமே டாக்ஸ்ஆருக்குக் கீழ இருக்குன்னு மட்டும்தான் சொல்லலாம், நேரா இருக்கா சுத்தி இருக்கான்னு சொல்ல முடியாது. இப்ப அதே ஸ்ட்ரெயின்ல டாக்ஸ்டி-யை வேற ஒரு ப்ரோமோட்டர்ல இருந்து ஓட விட்டா டாக்ஸினும் பைலஸும் திரும்ப வந்துடுது, ஓம்ப்யூ மட்டும் வரல. உடனே ரெண்டு கிளை தெரியுதா? டாக்ஸினும் பைலஸும் டாக்ஸ்டி வழியா, ஓம்ப்யூ டாக்ஸ்டி தேவையே இல்லாம நேரா டாக்ஸ்ஆர் கிட்ட இருந்து. பேப்பர்ல டாக்ஸ்ஆர்ல இருந்து பக்கவாட்டுல ஓம்ப்யூ-க்கு ஒரு நீல அம்பு போடுங்க, ஓம்ப்டி-ன்னு இன்னொரு போரினை அது அடக்குது, அதுக்கு அம்பு முனைக்குப் பதிலா குறுக்குக் கட்டை. டாக்ஸ்ஆர் பார்க்கிற வீட்டு வேலை இந்த போரின்தான், டாக்ஸின் அப்புறம் வந்து சேர்ந்த பொறுப்பு.

பேர் எழுதுற முறையும் இங்கயே சொல்லிடறேன், இங்கிலீஷ் பேப்பர்ல முதல் எழுத்து சின்னதா, சாய்வா இருந்தா அது ஜீன், பெரிய எழுத்துல ஆரம்பிச்சு நேரா இருந்தா ப்ரோட்டீன். டாக்ஸ்டி ஜீனைத்தான் டாக்ஸ்ஆர் ஆன் பண்ணுது, டாக்ஸ்டி ப்ரோட்டீனை இல்ல. இதைக் கவனிக்காம படிச்சா பாதி வாக்கியம் தப்பாப் புரியும்.

அடுத்து நிறைய பேர் விட்டுடறது, ஆஃப் எப்படி இருக்குங்கறது. நாம ஆன் பண்றவங்களைப் பத்தியே பேசறோம், ஆனா இந்த சிவப்பு ஜீன்கள் மேல எப்பவுமே எச்-என்எஸ்-னு ஒரு ப்ரோட்டீன் போர்வை மாதிரி போத்திட்டு இருக்கு. வெளிய இருந்து வர்ற டிஎன்ஏ-வுல பெரும்பாலும் ஏ, டி எழுத்துகள் அதிகம், எச்-என்எஸ் அந்த மாதிரி இடத்தைத்தான் தேடிப் பிடிச்சு மூடும். டாக்ஸ்டி வர்றப்போ அந்தப் போர்வையைத் தள்ளி விடறதும் அதோட வேலையில ஒரு பெரிய பங்கு. கறுப்புப் பேனாவுல சிவப்புக் கட்டங்களைச் சுத்தி ஒரு வளையம் போட்டு எச்-என்எஸ்-னு எழுதுங்க, சால்மோனெல்லா, ஷிகெல்லா, ஈ கோலை எதை வரைஞ்சாலும் இதே வளையம் வரும்.

உச்சியில இன்னும் ஒண்ணு பாக்கி, கூட்டம். பாக்டீரியா ஒண்ணுக்கொண்ணு சிக்னல் கெமிக்கல் விட்டு எவ்ளோ பேர் இருக்கோம்னு கணக்குப் பார்க்கும், கோரம் சென்சிங். பல கிருமிகள்ல கூட்டம் சேர்ந்ததும்தான் தாக்குதல் ஆரம்பிக்கும், காலராவுல தலைகீழ். ஆள் கம்மியா இருக்கிறப்போ நாலு சின்ன ஆர்என்ஏ-க்கள், கியூஆர்ஆர்-னு பேரு, ஹாப்ஆரோட எம்ஆர்என்ஏ-வை அழிச்சுடும், ஹாப்ஆர் இல்லாததால ஆஃப்ஏ தடையில்லாம வரும், கீழ வரைக்கும் எல்லாம் ஆன். கூட்டம் பெருகினதும் ஹாப்ஆர் வந்து ஆஃப்ஏ-வை அடக்கும், டாக்ஸின் ஆஃப், அதோட ப்ரோட்டீனை வெட்டற ஒரு ப்ரோட்டியேஸ் வெளிய வரும், ஒட்டினது விட்டு வெளிய போற வேலைக்கு அது உதவும்னு சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க, பேதியோட தண்ணிக்குப் போய் அடுத்த ஆளைப் பிடிக்கிற கிருமிக்கு இந்த வரிசை எவ்ளோ பொருத்தம். பிரின்ஸ்டன்ல போனி பாஸ்லர் லேப்ல இருந்து இது பத்தி நிறைய வேலை வந்திருக்கு, தேடிப் படிங்க. இங்க ஒரு எச்சரிக்கை, ஜீனோம் படிச்ச அந்த என்16961 ஸ்ட்ரெயின்ல ஹாப்ஆர் ஜீன்ல ஃப்ரேம்ஷிஃப்ட் (எழுத்து வரிசை நகர்ந்து போன பிழை) இருக்கு, வேலை செய்யாது. அந்த ஸ்ட்ரெயின்ல பண்ணின ரிசல்ட்டையும் ஹாப்ஆர் நல்லா இருக்கிற சி6706-ல பண்ணின ரிசல்ட்டையும் ஒரே படத்துல கலந்தா உங்க படமே முரண்படும். ஒவ்வொரு அம்பு பக்கத்துலயும் பென்சில்ல ஸ்ட்ரெயின் பேரை எழுதற பழக்கம் வெச்சுக்கோங்க, சலிப்பாத்தான் இருக்கும், ஆனா பண்ணுங்க.

குடலோட சூழ்நிலை, பித்தம், பைகார்பனேட், ஆக்ஸிஜன் அளவு இதெல்லாம் இந்தப் படிக்கட்டுல வேற வேற படியில போய் தட்டும், அதை ஓரமா மேகம் மாதிரி வரைஞ்சா போதும். ஒண்ணை மட்டும் விடாதீங்க, 2010-ல டாக்ஸ்டி-யோட கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர் வந்தப்போ உள்ள பள்ளத்துல ஒரு கொழுப்பமிலம் உக்காந்திருந்துச்சு, பால்மிட்டோலிக் அமிலம். யாரும் அதை சேர்க்கல, ப்ரோட்டீனே தயாரான இடத்துல இருந்து பிடிச்சுட்டு வந்தது. இந்த மாதிரி கொழுப்பமிலம் உள்ள இருந்தா டாக்ஸ்டி வேலை செய்யாது, பித்தத்துல இதுங்க நிறைய, அப்போ கிருமிக்கு தான் குடலோட நடுவுல மிதக்கிறோமா சுவர்கிட்ட வந்தாச்சான்னு சொல்ற ஒரு அடையாளமா இது இருக்கலாம். 2005-ல விர்ஸ்டாடின்னு ஒரு மாலிக்யூல் டாக்ஸ்டி-யைத் தடுக்கும்னு காட்டினாங்க. கிருமியைக் கொல்லாம ஸ்விட்ச்சை மட்டும் பிடுங்கற யோசனை, மருந்துக்கடையில கிடைக்கிற நிலைக்கு இது வரல. இன்னிக்கும் உயிரைக் காப்பாத்தறது உப்பு சர்க்கரைத் தண்ணிதான். 1971-ல பங்களாதேஷ் போர் அகதிகள் முகாம்ல, மேற்கு வங்கத்துல இருக்கிற பன்காவ்ல, திலீப் மஹலனபிஸ் ஓஆர்எஸ்-ஐ டிரம்ல கலக்கிக் கொடுத்து, 30 சதவீதம் வரைக்கும் போயிட்டிருந்த சாவை 4-க்கும் கீழ கொண்டு வந்தார். நீங்க வரைஞ்ச படத்தோட அடிக்கட்டத்துல குளோரைட் கதவு திறந்தே கிடந்தாலும் குளுக்கோஸோட சேர்ந்து சோடியம் உள்ள போற இன்னொரு கதவு கெடாம இருக்கும், அந்தக் கதவு வழியாத்தான் அவர் ஜெயிச்சார். அந்தக் கதவையும் படத்துல வரைங்க.

முதல் ஷீட் முடிஞ்சா ரெண்டாவது ஷீட்டுக்கு ஷிகா டாக்ஸின் விடற ஈ கோலையை எடுங்க. அதே மாதிரி அடியில இருந்து ஆரம்பிங்க, டாக்ஸின் ஜீன் எங்கன்னு அட்ரஸ் கேளுங்க, இங்கயும் ஃபேஜ்தான், சிவப்பு. ஆனா ஸ்விட்ச் யாருகிட்டன்னு கேட்டா பதில் வேற, இங்க வீட்டுக்காரர் கையில இல்ல, ஃபேஜோட சொந்த ரிப்ரெஸ்ஸர், அதாவது ஜீனை அடக்கி வெக்கிற ப்ரோட்டீன், கையில. டிஎன்ஏ-வுக்கு அடி பட்டா ரெக்ஏ-ங்கிற ப்ரோட்டீன் முழிச்சுக்கும், ரிப்ரெஸ்ஸர் உடையும், ஃபேஜ் பெருக ஆரம்பிக்கும், டாக்ஸினும் கூடவே கொட்டும். சில ஆன்டிபயாட்டிக் அந்த டிஎன்ஏ அடியைக் கொடுக்கும், அதனாலதான் ரத்தபேதியோட வர்ற குழந்தைக்கு இந்தக் கிருமின்னு சந்தேகம் இருந்தா டாக்டர்ங்க ஆன்டிபயாட்டிக் எழுத தயங்கறாங்க, சிறுநீரகம் போயிடும்னு பயம். வீட்ல மிச்சம் இருக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, உங்க வீட்லயாவது இதைச் சொல்லி நிறுத்துங்க. 2011-ல ஜெர்மனியில ஓ104 வகை ஈ கோலை வந்து 50-க்கும் மேல ஆளு செத்தாங்க, காரணம்னு கண்டுபிடிச்சது வெந்தய முளை. குடல்ல ஒட்டற ஒரு பழைய கிருமிக்குள்ள ஷிகா டாக்ஸின் ஃபேஜ் புகுந்ததுதான் அங்க நடந்தது. இதையும் ரெண்டு கலர்ல வரைஞ்சா ஒரு நிமிஷத்துல புரிஞ்சுடும்.

வரைஞ்சது சரியான்னு பார்க்க நான் ஜூனியர்ஸ்கிட்ட கேக்கற ஒரு கேள்வி இருக்கு. 1992-ல மெட்ராஸ்ல ஒரு புது காலரா கிருமி தலை காட்டுச்சு, அதுவரைக்கும் பெரிய அளவுல காலரா பரப்பினதெல்லாம் ஓ1, இது ஓ139 (ஓ-ங்கிறது செல்லோட வெளிப்பூச்சு வகை), வங்காளம் வரைக்கும் வேகமாப் பரவுச்சு, முன்னாடியே காலரா பார்த்து எதிர்ப்பு இருந்த பெரியவங்களும் படுத்தாங்க. உங்க ஷீட்ல இப்ப எதை மாத்துவீங்க? நிறைய பேர் டாக்ஸ்ஆர்ல கை வைப்பாங்க, இல்லன்னா டாக்ஸின் கட்டத்தை அழிக்கப் போவாங்க. ஒண்ணையும் தொட வேணாம். டாக்ஸின் அதே, பைலஸ் அதே, ஸ்விட்ச் அதே. எல் டார் கிருமி தன்னோட மேல்சட்டையை, அந்த ஓ ஆன்டிஜென் ஜீன் தொகுப்பை மட்டும், மாத்திக்கிட்டு வந்துச்சு, நம்ம உடம்பு ஞாபகம் வெச்சிருந்தது அந்தச் சட்டையை. சிவப்புப் பேனாவை எடுத்து எல்லாத்துக்கும் வெளிய, செல்லோட ஓரத்துல, ஒரே ஒரு கோடு போடுங்க.